காத்திருப்புக் கூட்டத்தில் எனக்கு வந்த பாஷை

கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணுக்காக மனிதன் எந்த மொழியையும் கற்றுக்கொள்வான். வசந்தி வீட்டில் என்னிடம் எதிர்பார்த்த மொழிக்கு அகராதியும் இல்லை, ரியூஷனும் இல்லை. அதுதான் என் தலைவிதி.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்கு லண்டனில், பார்க்கிங்கில் (கார் நிறுத்துமிடமில்லை, ஊரின் பெயரே அதுதான்) ஒரு பெற்றோல் ஷெட்டில் நானும் வசந்தியும் வேலை செய்தோம். அவளுடைய அப்பா ஊரில் சிவஞானம். லண்டனுக்கு வந்து, மனைவியின் தீராத நோய் ஜெபத்தில் மாறியபின் சாமுவேல், அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ சபையின் மூப்பரும்கூட. சபையில் முக்கால்வாசிப் பேர் அவரைப் போலவே யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் வளர்ந்து, இங்கே வந்து கிறிஸ்தவர்களானவர்கள். நானும் முதலில் அவளுக்காகப் போனேன், பிறகு பாட்டுக்காகப் போனேன், கடைசியில் கவுன்சில் நீச்சல் குளத்தில் ஞானஸ்நானமும் எடுத்துவிட்டேன். ஒரு கிழமை தடிமன், மூக்கொழுகல்.

பெண் கேட்டுப் போனபோது மூப்பர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவிடவில்லை.

"தண்ணிக்குள்ளை முங்கினால் போதாது தம்பி. பரிசுத்த ஆவியானவர் இறங்கி அந்நியபாஷை பேசவேணும். அடுத்த மாசம் ஒரு டொக்டர் பெடியன் பிள்ளையைப் பாக்க வாறான். அதுக்கு முதல் உமக்கு வந்தால் பாப்பம்."

(அந்த டொக்டர் ஏற்கெனவே பாஷை பேசுகிறவனாம்.)

வசந்தி பாஷையில் ஜெபிக்கும்போது பார்க்கவேண்டும். எந்த நாட்டுச் சொல்லென்று தெரியாத சொற்கள் தடையில்லாமல் வரும். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குப் பதற்றம் வந்தால் தமிழே திக்கும்.

"எப்பிடியப்பா வருது?" என்று கேட்டேன்.

"யோசிக்காதேங்கோ. வாயைத் திறந்து விட்டுடுங்கோ. மிச்சத்தை அவர் பாப்பார்."

ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருக்கும் கூட்டங்கள் உண்டு. பெயரே காத்திருப்புக் கூட்டம்தான். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு உபவாசம். பாஸ்டர் தூத்துக்குடிக்காரர், தங்கமான மனிதர். என்னை முன்னுக்கு அழைத்துத் தலையில் கை வைத்தார். நான் மயங்கி விழுந்தால் பிடிக்க எனக்குப் பின்னால் மூப்பரே வந்து நின்றார்.

"வெட்கப்படாதீங்க தம்பி, வாயைத் திறங்க!"

திறந்தேன். பசி ஏப்பம்தான் வந்தது.

பாட்டு வேகமெடுத்தது. மேளம், கைத்தட்டல், கஞ்சிரா. சனம் கண்ணை மூடி அழுதது. எனக்கும் உண்மையாகவே கண்ணீர் முட்டியது. இவளை விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? கைகள் தாமாகவே தலைக்கு மேல் போயின. கை மேலே போய், மேளமும் உச்சத்துக்குப் போனால், ஊரில் தேர் வடம் பிடித்தவனின் தொண்டையிலிருந்து என்ன வரும்?

"அரோகரா!"

முணுமுணுப்பில்லை. தேர் நகரும்போது கத்துகிற கத்தல். அதுவாவது பரவாயில்லை. அடுத்த கணமே மண்டபம் முழுவதும், கண்ணை மூடியபடி, கையைத் தூக்கியபடி, ஒரே குரலில் பதில் கொடுத்தது:

"அரோகரா!"

எல்லாவற்றிலும் பெரிய குரல் என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

மேளம் நின்றது. பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "யாரு... எல்லாருமேவா?" என்றார். வசந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளென்று நினைத்து எனக்கு உயிரே போயிற்று. (சிரித்தாளாம். படுபாவி.) நான் வெளியே ஓடி, படிக்கட்டில் குந்தி அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் மூப்பர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

"தம்பி, நான் கத்தினது உமக்குக் கேட்டதோ?"

"ஓம் மாமா. வடிவாக் கேட்டது."

"மற்றாக்களுக்கு விளங்கியிராது. எல்லாரும் கத்தினவை. நீர் ஆருக்கும் சொல்லுவீரோ?"

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"வெளியாளை நம்ப ஏலாது. வீட்டு மாப்பிள்ளை எண்டால் சொல்லமாட்டீர், என்ன?"

டொக்டரை வரவேண்டாமென்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். (மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எழுதிப்போட்டன்.)

கலியாணத்தன்று அதே மண்டபம், அதே சனம். பாஸ்டர் எங்களை ஆசீர்வதித்துக் கையை உயர்த்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைச் சட்டென்று பாதியில் இறக்கி, சபையை ஒருமுறை கவலையோடு பார்த்தார்.

"எல்லாரும் ஆமென் சொல்லுங்க. ஆமென் மட்டும்!"

எனக்கு இன்றுவரை பாஷை வரவில்லை. மாமா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதுமில்லை. வீட்டில் ஜெபம் முடிகிற நேரம் பிள்ளைகள் (வசந்தி சொல்லிக்கொடுத்தது, நானில்லை) என்னையும் அம்மப்பாவையும் மாறிமாறிப் பார்த்து, "ஆமென் மட்டும், ஓகே?" என்பார்கள். மாமா வாயை இறுக மூடிக்கொள்வார்.