நீல சுவிட்சும் பாம்புக் காதும்

'சும்மாதானே இருக்கீங்க' என்ற பேச்சை இந்த வீட்டிலிருந்தே ஒழித்துக் கட்டுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாயில் நுரையோடு எடுத்த சபதம். கொப்பளித்துவிட்டு எடுக்கலாம் என்று பொறுமையாக இருக்க முடியவில்லை. அவ்வளவு கோபம்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்குமே, யாரும் பிரிக்காமல் தூக்கிப் போடுவது, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். வீட்டிலேயே வேலை. என் மேஜைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. என் மனைவிக்குப் பாம்புக் காது. அந்தச் சுவரை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துத் தள்ள முடியாது. மூடியைத் 'திருப்பவும்' என்பதா, 'சுழற்றவும்' என்பதா என்று பத்து நிமிடம் யோசிக்க வேண்டும். யோசிக்கும்போது கை ஓயும். கை ஓய்ந்த மறு நிமிடம் குரல் வரும்.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க? இந்தப் பாட்டில் மூடியத் திறந்து குடுங்க."

"யோசிச்சிட்டிருக்கேன்."

"திறந்துகிட்டே யோசிங்க."

போய்த் திறந்து கொடுத்துவிட்டு வந்தால் பிடித்து வைத்த வார்த்தை போயே போயிருக்கும். ஒரு மனுஷன் தன் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக்கூடாதா? சனிக்கிழமைக்குள் மோட்டார் கையேட்டை முடித்துக் கொடுக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது யோசிக்கப் பத்து நிமிடம். அது கிடைக்கவில்லை.

நேராக மாடிவீட்டு இன்ஜினியரிடம் போனேன். அவருக்குக் கீபோர்டுப் பைத்தியம். கட்டிலுக்கு அடியில்கூட இரண்டு வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார்.

"ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் ஒரு சுவிட்ச் இருக்கும் சார். இது சிவப்பு. வெண்ணெய்ல இறங்குற மாதிரி நேரா இறங்கும். சத்தம் கம்மி. இது பழுப்பு. பாதியில விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியுதா? எழுத்து விழுந்துருச்சுன்னு அர்த்தம். நாள் பூரா அடிக்கிற உங்களுக்கு இதான் சுகம்."

"அந்த நீலம்?"

"அது வேணாம். எழுத்துக்கு எழுத்து டிக்கு டிக்குன்னு கத்தும். அத வாங்கின அன்னிக்கு என் வீட்டுக்காரி என்னையும் அதையும் சேர்த்து வெளிய நிறுத்திட்டா."

"அதையே குடுங்க."

விரல் சுகம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது சத்தம். நான் வேலை செய்கிறேன் என்று சமையலறைப் பாத்திரங்களுக்கெல்லாம் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை அடித்தேன் பாருங்கள், சுவர் அதிர்ந்தது. யோசிக்க வேண்டி வந்தால் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் கண்டபடி தட்டியபடியே கூரையைப் பார்த்து யோசித்தேன். ஒரு குரல் இல்லை. ஒரு மூடி இல்லை. செவ்வாய்க்கிழமை எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று. இடது கை தட்டிக்கொண்டிருக்க, வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் பந்தாட்டம் பார்த்தேன்.

புதன்கிழமை காலை அவள் வகுப்பை முடித்துவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றாள்.

"ரொம்ப வேலையோ?"

"மூச்சுவிட நேரமில்ல."

"அதான் பாக்கிறேன். நேத்து பூரா நீங்க ஒரு எழுத்துகூட அழிக்கல."

என்ன வகுப்பு என்று உங்களிடம் சொல்லவில்லை. சபதம் எடுத்த வேகத்தில் எனக்கே மறந்துவிட்டது. தினமும் காலையில் அவள் டைப்பிங் சொல்லிக் கொடுக்கிறாள்.

"நாப்பது பேர் அடிக்கிற ரூம்ல, எவன் பாடத்த அடிக்கிறான், எவன் ஒப்பேத்துறான்னு முதுகத் திருப்பிக்கிட்டே சொல்லுவேன். வேலை செய்யறவன் தப்பு பண்ணுவான், அழிப்பான். அந்த ஓரத்துப் பட்டன் சத்தமே தனி. நீங்க நாலு எழுத்து அடிச்சா மூணு அழிக்கிற ஆளு. நேத்து தப்பே இல்ல. அதுவும் ஒத்தக் கையால."

"ஒத்தக் கைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஆமா, ஏமாத்தினேன். யோசிக்கிறதும் வேலைதான். இந்த வீட்ல அத யாரு வேலைன்னு மதிக்கிறா? மூடி திறக்க மட்டும் நான் வேணும்."

அவள் உள்ளே வந்து கீபோர்டின் மேல் கையை வைத்தாள்.

"சரிங்க. இனிமே நீங்க யோசிக்கிறப்ப கூப்பிடல. இந்த நீலத்துல அடிச்சா விரல் நொந்துபோகும். நான் சரி பண்ணித் தரேன், குடுங்க."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கீபோர்டு மேஜைக்கு வந்தது. மாடிவீட்டு இன்ஜினியரிடம் இடுக்கியும் சிவப்பு சுவிட்சுகளும் இரவல் வாங்கி, நீலத்தைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பைப் பொருத்தியிருந்தாள். வெண்ணெயேதான். சுவருக்குக்கூடக் கேட்காது. இவளைப் போய்த் திட்டினோமே என்று மனசு இளகிவிட்டது. அந்த இளக்கத்திலேயே ஒரு வரியை முடித்து எண்டரைத் தட்டினேன்.

டிக்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு."

குனிந்து பட்டன்களுக்கு அடியில் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. எண்டரும், அழிக்கிற பட்டனும் மட்டும் நீலம்.

"ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் யோசிச்சுக்கோங்க, கூப்பிடவே மாட்டேன். பதினோராவது நிமிஷம் வந்து மூடி திறக்கணும். அப்புறம், நடுவுல அழிக்கிற சத்தம் கேக்காம எண்டர் மட்டும் வந்தா, அத வரியா எடுத்துக்க மாட்டேன்."

மோட்டார் கையேடு வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால். என் கோபம் இரட்டிப்பானது அதனால்தான்.

இந்தக் கதையைக்கூட அந்தக் கீபோர்டில்தான் அடிக்கிறேன். கடைசி வரி என்ன என்று யோசித்ததில் பத்து நிமிடம் தாண்டிவிட்டது, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.