பேட்டரிக்குக் கட்டுப் போட்ட சித்தர்

எங்கள் தெருவில் ஆள் கத்தாரில் இருப்பார், கார் வாசலில் நிற்கும். லீவில் வந்து சாவியைத் திருகினால் கார் இருமக்கூட இருமாது. பேட்டரி செத்திருக்கும். தெருவில் நிற்கும் காருக்கு வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போடவா முடியும்? காரைக்காலுக்கு ஒரு சித்தர் தேவைப்பட்டார். வந்துவிட்டார்.

பெயர் மின்கட்டுச் சித்தர். போலகத்தில் கொட்டகை. கொட்டகை வாசலில் டோக்கன் வாங்கவே தள்ளுமுள்ளு.

"இருட்டுனதும் ஒரு துஷ்ட சக்தி வந்து கரண்ட்டை உறிஞ்சுது. நான் கட்டுப் போட்டா கிட்ட வராது. சார்ஜே போடாம பேட்டரி உசுரோட இருக்கும்!" என்பார்.

மத நல்லிணக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. முஸ்லிம் வீட்டுக்குப் பச்சை நூல், கிறிஸ்தவ வீட்டுக்கு நீலம், இந்து வீட்டுக்குச் சிவப்பு. காணிக்கை மட்டும் எல்லோருக்கும் ஒரே நிறம்.

பானெட்டைத் திறந்து பட்டுத்துணியைப் போர்த்துவார். துணிக்குள் கையை விட்டு முணுமுணுப்பார். பிறகு பானெட்டைச் சாத்தி, "வேற யாரும் தொறந்தா சக்தி வீட்டுக்குள்ள பூந்துடும்" என்பார். அதற்கப்புறம் கார் ரிமோட்டுக்கு மசியாது, உள்ளே விளக்கும் எரியாது.

"பாத்தீங்களா, காரையே தூங்க வச்சிட்டாரு!" என்று ஜனம் உருகும். ஆள் லீவில் வந்ததும் சித்தரே வந்து கட்டை அவிழ்ப்பார். கார் உறுமும். கட்ட ஒரு காணிக்கை, அவிழ்க்க ஒரு காணிக்கை.

ஜவஹர் அலி கத்தாருக்குத் திரும்பியதும் அவர் அம்மா நபீசா காருக்குக் கட்டுப் போட்டுவிட்டார். இப்போது நபீசாவின் மகள் ஷிஃபாவுக்கு நிறைமாதம். மறுநாள் காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜவஹரின் மனைவி நஜீபாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் கட்டு? பானெட்டைத் தொடவே மாமியார் விடவில்லை.

சித்தரை வரவழைத்தார்கள். ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இந்தப் பிறை மாசம் முடியணும்மா. அதுக்கு முன்னாடி இந்த வீட்டுப் பொண்ணு படி தாண்டுனா, தாய்க்கும் ஆகாது புள்ளைக்கும் ஆகாது."

"வாடகைக் காருல போனா?" என்றாள் நஜீபா.

"எந்தக் காருல போனாலும்தான்! அவசரம்னா பெரிய பூசை போட்டு அவுக்கலாம். செலவாகும்."

நபீசா கைவளையலைக் கழற்றத் தொடங்கினார்.

"மாமி, என்ன பண்ணுறீங்க?"

"சும்மா இரு புள்ள. ஷிஃபாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன் வாய் வந்து காப்பாத்துமா?"

நஜீபா எதிர்வீட்டு இருதயமேரியைப் பார்த்தாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப்போகும் வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவரே. கட்டு விழுந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்: "ரிமோட்டும் இல்ல, லைட்டும் இல்லேன்னா வயரைக் கழட்டிருக்கான்டி. மீன்பிடி தடைக்காலத்துல என் வண்டி சும்மா நிக்கறப்ப நானும் அதத்தான் செய்யறேன். என்ன, நூலு சுத்தறதில்ல."

"சாமி மொதல்ல உள்ள வந்து டீ குடிங்க" என்றாள் நஜீபா. தெருவே வாசலில் கூடிச் சித்தர் டீ குடிக்கும் அழகைத் தரிசித்தது. இருதயமேரிக்கு டீயில் ஆர்வமில்லை. ஸ்பேனரோடு ஜீப் பக்கம் போனார்.

டீ முடிந்தது. "பூசைக்கு யோசிச்சுச் சொல்றோம் சாமி" என்றாள் நஜீபா. சித்தர் முறைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மறுபடி திருகினார். ஊகூம்.

குதித்து இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரை உருவினார்.

"சாமி, தொடாதீங்க! துஷ்ட சக்தி!" என்று நஜீபா ஓடிவந்தாள். "பிறை முடியட்டும்!"

"அட போம்மா! வயரு லூசு. ரெண்டு முறுக்கு முறுக்குனா ஓடும்!"

தெருவே ஜீப்பைச் சுற்றி நெருங்கியது.

"மந்திரம் சொல்லலியா சாமி?" என்றார் இருதயமேரி. "ஒங்க ஜீப்புக்கு என்னா கலரு நூலு?"

நபீசா வளையலைத் திரும்பவும் கையில் ஏற்றிக்கொண்டு நேரே சித்தரிடம் போனார்.

"அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க."

வாங்கி மருமகளிடம் கொடுத்தார். நஜீபா தன் காரின் பானெட்டைத் திறந்தாள். பேட்டரியின் உடம்பெல்லாம் பச்சை நூல். பக்கத்தில் மைனஸ் வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூலில் ஒரு இழையைக்கூட அவள் தொடவில்லை. வயரை மாட்டி முறுக்கினாள், ஏறிச் சாவியைத் திருகினாள். கார் உறுமியது.

"கட்டு அப்படியே இருக்கே!" என்றது கூட்டம்.

"கட்டு இருந்தா என்னா, வயரு சேந்துருச்சுல்ல?" என்றார் இருதயமேரி. "கடிகாரம், அலாரம், மினுக்குற செவப்பு லைட்டு, இதுங்கதான் கரண்ட்டைக் குடிக்கிற துஷ்ட சக்தி. கழட்டி வச்சா குடிக்காது. வருசக்கணக்கா நிக்கும்னா ஒரு சின்ன சோலார் தகடு வாங்கி மாட்டுங்க. சூரியன் காணிக்கை கேக்காது."

"இத்தனை நாளு ஏன் சொல்லல?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நீங்க எங்க கேட்டீங்க? டோக்கன் வாங்கப் போயிட்டீங்களே!"

மறுநாள் காலை ஷிஃபா படி தாண்டினாள். கார் ஓட்டியது நஜீபா, பின்சீட்டில் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு நபீசா. தாயும் பிள்ளையும் நலம்.

சித்தரும் நலம்தான். காரைக்கால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய் இன்வெர்ட்டருக்குக் கட்டுப் போடுகிறாராம். அங்கும் நல்ல கூட்டமாம்.

சும்மா நிற்கும் காருக்கு வயரைக் கழற்றி வைக்கலாம், தப்பில்லை. சாமியாரைக் கண்டதும் நம் தலைக்குள் ஒரு வயரை நாமே கழற்றி வைக்கிறோமே, அதை எந்தச் சித்தர் வந்து மாட்டுவார்?