சல்லாபம் என்றால் பேச்சு

அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டு, கதையின் போக்கிலேயே வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறவர்கள் தயவுசெய்து பெண் பார்க்கப் போகாதீர்கள். நான் போனேன். அந்த வினை இன்னும் தீரவில்லை.

அப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடையில் வேலை. மத்தியானத்தில் ஈ கூட வராது. நூலகத்தில் எடுத்த பழைய சரித்திர நாவல்தான் துணை. அதில் ராஜாவும் கிழட்டு மந்திரியும் நந்தவனத்தில் உட்கார்ந்து ஓயாமல் சல்லாபித்துக்கொண்டிருந்தார்கள். வரி பற்றி, எல்லைச் சண்டை பற்றி, பட்டத்து யானையின் வயிற்றுப்போக்கு பற்றி. ஆக, சல்லாபம் என்றால் பேச்சு. அதுவும் மரியாதையான பேச்சு. (நானே முடிவு செய்துகொண்டேன். கேட்க ஆளேது?)

பெண் வீடு அனந்தபுரம். அவள் அப்பா பஸ் கண்டக்டர். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தையே ஒரு விசிலில் அடக்குகிறவர். பெண் எம்.ஏ. தமிழ் என்று தரகர் சொல்லியிருந்தார். என் தமிழையும் காட்டிவிட வேண்டாமா? கேசரி தீர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஐயா, உங்க பொண்ணோட கொஞ்ச நேரம் தனியா சல்லாபிக்கலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாது?" என்றார் கண்டக்டர்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று உரக்கவே சொன்னேன். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க!" என்று பதறினேன். "ராஜாவும் மந்திரியுமே தெனம் சல்லாபிப்பாங்க!"

"எந்த ராஜா? உங்க செஞ்சிக் கோட்டை ராஜாவா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார் பெண்ணின் தாய்மாமன்.

நைனா என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். "ஏந்திரு, போலாம். மானம் போனது போதும்."

அதற்குள் பெண் சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "உக்காருப்பா. பழைய கதைங்கள்ல அதுக்குப் பேசறதுன்னுதான் அர்த்தம். பாவம், படிச்சிட்டாரு."

கதவை அகலத் திறந்துவைத்து, தாய்மாமனைக் காவலுக்கு உட்காரவைத்துத்தான் பேச விட்டார்கள். எனக்கோ தெரிந்த வார்த்தை எல்லாம் சந்தேகமாக இருந்தது. அவள்தான் பேசினாள். அவள் பிடிவாதத்தில்தான் கல்யாணமும் நடந்தது.

போன மாதம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். டாக்டரம்மா வந்து, "உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்று என்னைக் கூப்பிட்டார். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த மனுஷர் வார்டே கேட்கும்படி சொன்னார்:

"போங்க மாப்ள, சல்லாபத்துக்குக் கூப்புடுறாங்க."

அந்த நீள வராண்டா முழுக்க டாக்டரம்மா என்னைவிட்டு நாலடி தள்ளியே நடந்தார்.