விளக்கு முதலா, சுத்தியல் முதலா

ஸ்ரீரங்கம்,
புரட்டாசி கடைசி சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி செல்லக்கண்ணு அவர்களுக்கு,

முருகானந்தம் வணக்கத்துடன் எழுதுவது. துறையூரில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் அரிசி மில் சத்தத்தில் பாதி உங்களுக்குக் கேட்காது, மீதிப் பாதியை நான் கத்திச் சொன்னால் இங்கே தெருவுக்கே கேட்டுவிடும். அதனால்தான் தபால்.

விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான மாதவன், தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரமாட்டார் போலிருக்கிறது. சீர் செனத்தியில் குறை ஒன்றுமில்லை. நான் அவருடைய பட்டறையைக் கெடுத்துவிட்டேன்.

அவருக்கு எந்தப் பட்டறை இருக்கிறது என்று திகைக்க வேண்டாம். டேப்லெட்டில் அவர் ஒரு விளையாட்டு ஆடுகிறார். எட்டு நண்பர்கள் ஒரு கோஷ்டியாகச் சேர்ந்து கோட்டை காக்கிற விளையாட்டு. அதற்குள்ளேயே ஒரு குட்டி விளையாட்டாகக் கொல்லன் பட்டறை இருக்கிறது. இரும்பைக் காய்ச்சித் தட்டி வாள் செய்து கோஷ்டிக்கு அனுப்ப வேண்டும், அது மாப்பிள்ளையின் பொறுப்பு. தினமும் சில நட்சத்திரங்கள் கிடைக்கும். அவற்றைக் கொடுத்துச் சுத்தியல் வேகம், உலைச் சூடு, அதிர்ஷ்டம், கிடங்கு, ஓய்வறை, விளக்கு என்று பட்டறைக்கு ஒவ்வொரு வசதியாகத் திறந்துகொள்ளலாம். திறந்தால் திறந்ததுதான், தாலி கட்டின மாதிரி. நட்சத்திரம் திரும்ப வராது. புதுப் பட்டறை வந்த நேரம் பார்த்து அவருக்கு ஆபீஸில் பயிற்சி வந்துவிட்டது. அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். போகிற வழியில் இங்கே இறங்கி டேப்லெட்டை என் கையில் கொடுத்தார். "தினம் ஒருதரம் தொறந்து எதையாவது முன்னேத்தி விடுங்க மாமா. எது முதல்லன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் கெட்டேன்.

முதல் வேலையாக, பாதுகாப்புக் கருதி விளையாட்டின் கடவுச்சொல்லை மாற்றினேன். அரசாங்க ஸ்டோர்ஸில் தலை நரைத்தவன் நான். பொறுப்புக்கு வந்த கிடங்குக்குப் புதுப் பூட்டு போடாமல் தூங்கியதில்லை. அதே புத்தியில் கிடங்கை முதலில் திறந்தேன். பொருளை வைக்க இடமில்லாமல் பொருள் செய்வார்களா? கிடங்கு பெரிதாகி, கல்யாண மண்டபம் மாதிரி திறந்துகொண்டது. உள்ளே வைக்க ஒரு ஆணிகூட இல்லை. சரி, அடுத்தது சுத்தியல் என்று விரலை நீட்டும்போது என் மனைவி மணிமேகலை வந்து நின்றாள்.

"புரட்டாசியில புதுசா பட்டறை தொறக்கிறதே தப்பு. அதுல வெளக்குகூட ஏத்தாம இரும்பைத் தட்டப் போறீங்களா?" என்றாள்.

"இது பொம்மைப் பட்டறை மணி."

"பொம்மைக்கு நாள் கெழமை கெடையாதா? கொலு வைக்கிறப்ப நல்ல நேரம் பாக்கலையா?"

கேட்டுக்கொண்டே அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கண்ணை மூடி ரங்கநாதா என்று சொல்லி, விளக்கின்மேல் விரலை வைத்துவிட்டாள். அன்றைய நட்சத்திரம் மொத்தமும் போயிற்று. விளக்கு என்னவோ அழகாகத்தான் எரிந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன், 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று.

தொழில் தெரிந்தவரைக் கேட்போம் என்று, அரியமங்கலத்தில் கிரில் பட்டறை நடத்தும் நண்பர் நஸ்ருல்லாவிடம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சார், மெஷினு நாளைக்குக்கூட வாங்கலாம். ஆளு நிக்கணும்ல? நான் டீ குடிக்க ஒரு எடம் போட்டுக் குடுத்தேன், இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் வேற கடைக்குப் போகல. மொதல்ல ஆளப் பாருங்க," என்றார். நியாயமாகப் பட்டது. ஓய்வறையைத் திறந்தேன். பட்டறையில் இருந்த தாடிக்காரப் பொம்மைகள் இரண்டும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போயின. இன்றுவரை வெளியே வரவில்லை. எப்போது தொட்டாலும் குறட்டைச் சத்தம்தான் கேட்கிறது.

இதற்குமேல் ஆத்திரப்பட்டுச் செலவழிக்கக்கூடாது என்று, அடுத்தடுத்து வந்த நட்சத்திரங்களைத் தொடாமல் பத்திரமாகச் சேர்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு அவை காலாவதி ஆகிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை திறந்தால் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அங்கே கோஷ்டிக்காரர்கள் எதிரிகள் சூழ்ந்த கோட்டையில் நின்றுகொண்டு, "டேய் மாதவா, வாள் எங்கடா?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே. "அன்புடையீர், தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று தட்டி அனுப்பினேன். அன்று சாயங்காலம் கோட்டை விழுந்துவிட்டது.

பயிற்சி முடிந்து போன் கைக்கு வந்ததும், கோஷ்டி நண்பர் ஒருவர் பட்டறையைப் படம் பிடித்து மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறார். பெரிய காலிக் கிடங்கு, நடுவில் குத்துவிளக்கு, ஓரத்தில் குறட்டை. அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கூப்பிடவே இல்லை. மகள் ரஞ்சனிதான் கூப்பிட்டாள். "அவரு ஒண்ணும் சொல்லலப்பா. அதான் பயமா இருக்கு. சாப்பாட்டுத் தட்டுல கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. தீபாவளிக்கு டிக்கெட் எடுக்கலாமான்னா, பாக்கலாங்கிறாரு," என்றாள். பார்க்கலாம் என்பதற்கு அர்த்தம் தங்களுக்குத் தெரியாததல்ல. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண் பிடிக்காமல் எழுந்து போகிறவர்கள் வாசலில் சொல்கிற வார்த்தை அது.

சம்பந்தி, எங்களுக்கு இருப்பது ஒரே பெண். மணிமேகலை மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்து, மஞ்சள் தடவி பீரோவில் வைத்திருக்கிறாள். தெருவில் காய்கறிக்காரர் வரைக்கும் "மாப்பிள்ளை வராரு" என்று சொல்லியாகிவிட்டது. இப்போது, விளக்கை ஏற்றியது தான் என்பதை மறந்துவிட்டு, "ஒரு வெளையாட்டு ஆடத் தெரியல, பொண்ணு வாழ்க்கையில வெளையாடிட்டீங்க" என்று என்னைக் கேட்கிறாள். தலை தீபாவளி ஒருமுறைதான் வரும். அன்று விடியற்காலை ரஞ்சனி தனியாக வந்து வாசலில் நின்றால் என்னால் தாங்க முடியாது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்தத் தாடிக்காரர்களின் குறட்டை காதில் கேட்கிறது.

ஆகையால் தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தகப்பனார் என்ற முறையில் மாப்பிள்ளையிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். எல்லாப் பொறுப்பிலிருந்தும் நான் விலகிக்கொள்கிறேன். இனி அந்த டேப்லெட்டைத் தொடமாட்டேன், இது அரங்கன்மேல் ஆணை. என் அறியாமையை மன்னித்து, அவர் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். அரங்கன் தங்கள் குடும்பத்தையும் மில்லையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மிச்சம் மீதி அருள் இருந்தால் இந்தப் பக்கமும் திரும்பட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் மன்னித்தால் தலைநிமிரக் காத்திருக்கும்,
முருகானந்தம்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் புறப்படும் முன், ஆட்கள் எழுந்துவிட்டார்களா என்று டேப்லெட்டை ஒருமுறை, ஒரே ஒருமுறை, திறந்து பார்த்தேன். எழவில்லை. ஆனால் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. தீபாவளி வாரம் முழுக்க, விளக்கு எரியும் பட்டறைகளில் தட்டாமலே தங்க வாள் விளையுமாம். இனிமேல் யாரும் புதிதாக விளக்கைத் திறக்க முடியாதாம். கோஷ்டியில் மற்ற எல்லோரும் சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளைகிற வாளை அடுக்கவும் நம்மிடம்தான் இடம் இருக்கிறது.

சற்றுமுன் மாப்பிள்ளையே கூப்பிட்டார். "மாமா, சாப்டீங்களா? அத்தை சௌக்கியமா? அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொஞ்சம் சொல்லிடுங்களேன், அவசரமில்ல," என்றார். குரலில் தேன் சொட்டியது. எதற்கும் மணிமேகலையிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனவே, மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உறையில் தனித்தாளைத் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன். தாங்கள் சிரமப்பட்டுச் சிபாரிசு எதுவும் செய்யவேண்டியதில்லை. மாப்பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: கடவுச்சொல் தபாலிலும் வராது, போனிலும் வராது. தீபாவளியன்று நேரில் வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, லேகியத்தை முழுங்கிய பிறகு, அத்தை அவர் காதில் சொல்லுவாள்.