கோட்ரிக் அண்ணையும் இரண்டு ரமேஷ்களும்

ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் காணி பறிபோன வெள்ளைக்காரருக்காக வேலைக்கு லீவு போட்ட தமிழர், உலகத்திலேயே எங்கள் கோட்ரிக் அண்ணை ஒருவராகத்தான் இருப்பார். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எனக்கு அடுத்த வீடு. அவருடைய சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தை நோர்மன்காரர் பிடித்த பிறகு, எந்தக் காணி முன்பு யாரிடம் இருந்தது என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்களாம். அதில் கோட்ரிக் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் தகப்பன் பெயர்கூட இராது. மொத்தம் எத்தனை கோட்ரிக்குகள் என்று பிரித்தெடுப்பதுதான் அண்ணையின் பொழுதுபோக்கு. கோட்ரிக் என்று எழுதிய இரண்டு காணியும் பக்கத்தில் பக்கத்திலா? பிறகு இரண்டும் ஒரே பிரபுவிடம் போனதா? அப்படியென்றால் ஒரே ஆள். இல்லாவிட்டால் விசாரணை தொடரும்.

"உவங்களைப் பிரிச்சு என்னண்ணை பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"காணியும் போயிட்டுது. ஆளையும் இன்னொருத்தனோடை சேர்த்து எழுதினால், அவன் எங்கை போறது?" என்றார்.

என் தங்கைக்குப் பக்கத்து ஏரியாவான ரூஜில் ரமேஷ் என்ற மாப்பிள்ளை பேசி முற்றாகியிருந்த நேரம், தெரிந்த அன்ரி ஒருவர் போன் எடுத்தார். "உந்த ரமேஷுக்குச் சென் ஜேம்ஸ் ரவுணிலை ஏற்கெனவே ஒரு மனிசி இருக்காம்."

அம்மா படுத்துவிட்டார். தங்கை அழவில்லை, சாப்பிடவுமில்லை. மாப்பிள்ளை சத்தியம் செய்து பார்த்தார், எடுபடவில்லை.

"பேர் ஒண்டெண்டால் ஆளும் ஒண்டோ?" என்றார் அண்ணை. லீவு போட்டார். ஊரில் எவ்விடம், யாருடைய மகன், கனடா வந்து முதலில் எங்கே இருந்தவர் என்று ரொறன்ரோ முழுவதையும் குடைந்தார்.

வாரக் கடைசியில் தீர்ப்பு வந்தது. "ரெண்டு ரமேஷ். கலியாணம் கட்டினவர் சாவகச்சேரி. உங்கடை ஆள் காரைநகர். முந்தி ரெண்டு பேரும் ஒரே பில்டிங்கிலை இருந்தவை. அதுதான் குழப்பம்." சற்று யோசித்து, "கோட்ரிக்கை விட லேசு. உவை உயிரோடை இருக்கினம்" என்றார்.

அம்மா நம்பவில்லை. அடுத்த நாள் அண்ணை இரண்டு ரமேஷ்களையும் கூட்டிவந்து எங்கள் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார். சாவகச்சேரி ரமேஷின் மனைவியும் வந்து தேத்தண்ணி குடித்தார். அதன் பிறகுதான் அம்மாவும் தங்கையும் சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தில், தாரை வார்க்கும்போது மூன்று தலைமுறை சொல்ல வேண்டுமென்று ஐயர் பெண்ணின் பூட்டன் பெயரைக் கேட்டார். அப்பா காலமாகிப் பல வருடம். அம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"வைத்திலிங்கம்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "வேலணை வைத்திலிங்கம். உந்தப் பேரிலை இருந்த மற்றவர் வேறை ஆள்."

மனிதர் பெண் வீட்டையும் விசாரித்திருக்கிறார். அப்பா இருந்து சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது. கோட்ரிக் அண்ணை சொன்னபோது, அப்பா இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை.