நான் செத்துப்போன கருத்துக் கேட்புக் கூட்டம்

ஒருவர் செய்த காரியத்தைப் பற்றி விசாரணை நடத்தினால், அந்த ஒருவருக்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் நடத்திய விசாரணை செல்லாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை இந்த விதியை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சிலரை அழவும் வைத்திருக்கிறேன். நானே அதை மீறியது ஒரே ஒரு முறைதான். அன்று பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு நான் செத்துப்போனேன்.

விசாரணைக்கு உட்பட்டவள் என் மகள் பூங்கொடி. சேலத்தில் ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். (படித்தது பொறியியல். அது தனிக் கோப்பு.) குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே துள்ளல்; கல்லூரி விழாக்களில் மேடைப் பலகை உடையும்வரை குதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஆல்பத்துக்குப் ‘பாசி’ என்று பெயர். அதை ஏற்காட்டில், மனைவி போனபின் நான் தனியாக இருக்கும் வீட்டில், மழைக்காலத்தில் வந்து பதிவு செய்தார்கள். ஓட்டிலிருந்து நீர் சொட்டுவதையும் கதவு முனகுவதையும் பதிவு செய்த பிள்ளைகளை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

ஆல்பம் வெளியானதும் கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இணையத்தில் வந்த கருத்துகளை எல்லாம் ஆதரவு, எதிர்ப்பு, இதர என்று ஒரு நோட்டில் தரம் பிரித்து எழுதினேன். ‘இந்தக் குழு இப்போதுதான் பிறந்திருக்கிறது’ என்றார் ஒருவர். ‘பிறந்த உடனே குழந்தைக்கு வலிப்பு’ என்றார் அடுத்தவர். கேட்டபின் தனியாகக் குளியலறைக்குப் போக முடியவில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அது பாராட்டா புகாரா என்று விளங்காததால் ‘இதர’வில் சேர்த்தேன்.

இந்தச் சமயத்தில் பூங்கொடி போனில், “நீங்க என்ன நெனைக்கறீங்கப்பா?” என்று கேட்டாள். நல்லா இருக்குது கண்ணு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் பத்தி எண் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். ஒன்பதாவது பத்தி இது: ‘மூன்றாவது பாடலில் யாரோ தொடர்ந்து இருமுகிறார். இசைக்குத் தொடர்பற்றது. நீக்கிவிடலாம்.’

அதன்பின் அவள் பேசவில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு மணி நேரப் பாதை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, அவள் மலை ஏறவில்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். புத்தியுள்ளவன் என்றால் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் நடைமுறை தெரிந்தவன். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, பெரும்பான்மை ஆதரவு என்று பதிவானால், அதன் அடிப்படையில் என் கடிதத்தைக் கௌரவமாகத் திரும்பப் பெறலாம் என்று திட்டமிட்டேன்.

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி வாங்கினேன். டீக்கடை, ரேஷன் கடை, எஸ்டேட் ஆபீஸ் ஆகிய மூன்று இடங்களில் அறிவிப்பு ஒட்டினேன். (மூன்றும் அன்றைக்கே மழையில் கூழாகிவிட்டன. ஒட்டியதற்கு மட்டும் என்னிடம் சாட்சி உண்டு.) ஜனங்கள் என் வீடுவரை ஏறி வரமாட்டார்கள், ஆகவே பாட்டு அவர்களிடம் போகட்டும் என்று மைக் செட் முருகேசனை வரவழைத்து, ஒரு ஒலிபெருக்கிக் குழாயைக் கிளியூர்ப் பக்கமும் இன்னொன்றைத் தலைச்சோலைப் பக்கமும் பார்த்துக் கட்டச் சொன்னேன்.

ஐப்பசிப் பனி அன்று மதியமே இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு இடுப்புவரைதான் உடம்பு இருந்தது. அந்த வெள்ளைக்குள் முதல் பாட்டு தொடங்கியது. அவர்கள் குழுவில் ஒருவன் ட்ரம்பெட்டை ஏதோ செய்து சங்கு மாதிரி ஊத வைத்திருக்கிறான். நீளமாக ஒரு ஊதல். பின்னால் சேகண்டி போல ஒரு தட்டல். மறுபடி ஊதல். பள்ளத்துக்குள் போன சத்தம் சற்று நேரம் கழித்து, வேறு யாரோ பதில் ஊதுவதைப் போலத் திரும்பி வந்தது.

முருகேசன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “சார், ஒப்பாரி பாட்டு நம்மகிட்டயே நல்லதா இருக்குதுங்க. போடட்டுங்களா?”

இது ஒப்பாரி இல்லையப்பா, ராக் என்றேன். துக்கத்தில் மூளை கலங்கியவரிடம் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.

இந்தப் பக்கத்தில் பகலில் மைக் செட்டில் சங்கும் சேகண்டியும் கேட்டால் ஒரே ஒரு பொருள்தான். எந்த வீடு என்று பார்த்துவிட்டு மாலை வாங்க ஆள் போகும். இத்தனை ஆண்டுகளாக இறப்புச் சான்றிதழ்க் கோப்புகளைப் பார்த்து அனுப்பிய எனக்கு இது தோன்றவில்லை. ‘சார் ஊட்டுல துக்கமுங்க’ என்று டீக்கடையில் முருகேசன் சொல்லியிருக்கிறான். அந்த வீட்டில் இருப்பதே ஒரு ஆள் என்பது ஊருக்கே தெரியும்.

நானோ சத்தம் எல்லைவரை எட்டுகிறதா என்று தணிக்கை செய்ய, வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு காபித் தோட்டத்தின் கடைசிவரை இறங்கியிருந்தேன். கால் தெரியாத பனி. எனக்கு முன்னால் பாட்டு, பின்னால் அதன் எதிரொலி, நடுவில் நான். கேட்கக் கேட்க, என் வீடே என்னைத் தேடுவதைப் போல இருந்தது. கதவு முனகியது. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். வேகமாக மேலே ஏறினேன்.

வாசலில் ஐம்பது பேர் இருப்பார்கள். கையில் மாலை, ஊதுபத்தி. எல்லோரும் அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் இருமியது. சற்று நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி இருமியது. அந்த நேரம் பார்த்து நான் பனியிலிருந்து வெள்ளையாக வெளியே வந்தேன்.

இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். ஒருவர் மாலையைத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். எனக்குச் சமைத்துப்போடும் கிளியூர் அங்கம்மா மட்டும் நகரவில்லை. களை எடுத்த மண் கையோடு எஸ்டேட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள்:

“ஐயா, நீங்க இங்க நிக்கறீங்க. அப்ப உள்ளார இருமறது யாருங்க?”

“யாருமில்லம்மா. அது பாட்டு.”

“பாட்டு இல்லீங்க. உங்க இருமலுங்க. தெனமும் காபி வெக்கறப்ப கேக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?”

நின்று கேட்டேன். என் இருமல்தான். என் செருப்பு. விடிகாலையில் நான் எழுந்து கதவைத் திறக்கும் சத்தம். அதற்கு அடியில், மிக மெதுவாக, இருமலுக்கு இருமல் இடம் விட்டு, அவளுடைய பேஸ் கிட்டார் கூடவே நடந்துகொண்டிருந்தது. நீக்கிவிடலாம் என்று நான் எழுதியது இதைத்தான்.

அங்கம்மா அடுத்ததையும் சொன்னாள். “பாப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டனுங்க. வண்டி எடுத்துட்டு வந்துட்டு இருக்குதுங்க.”

நான் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. அப்பா செத்த செய்தியோடு ஒருத்தி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்குள் வண்டி ஓட்டுகிறாள். நான் படியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அதே எண்ணை அழுத்தினேன். ஒரு மணி நேரம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வந்ததற்குக் காபியாவது குடிப்போம் என்று உட்கார்ந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பாட்டு என்றால் வார்த்தை வேண்டும், இது பேய் பல் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்றது ஒரு கட்சி. துக்கத்துக்கு வார்த்தை எதற்கு என்றது மற்றது. செம்மநத்தத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், “நொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா உசுரோட இருக்கறவன் கேக்கக் கூடாதுங்க” என்றார். அதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் சிறந்தது அதுதான். குறித்துக்கொள்ளக் கை வரவில்லை.

கார் வந்து நின்றது. பூங்கொடி இறங்கினாள். மாலைகள், ஊதுபத்திப் புகை, குழாயில் தன் ஆல்பம், படியில் நான். அவள் முகம் வீங்கியிருந்தது.

“கண்ணு, அந்த இருமல் இருக்கட்டும்” என்றேன். அதற்குமேல் ஒரு பத்தியும் எனக்கு வரவில்லை.

அவள் என் கையைப் பிடித்து நாடி பார்ப்பதைப் போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு காரில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிரவே ஒரு வரியில் கடிதம் எழுதினேன்: பத்தி ஒன்பது மட்டுமல்ல, முழுக் கடிதமும் தவறு, எழுதியவனை மன்னிக்கவும்.

எங்களுக்குள் இப்போது எதற்கும் காலக் கணக்கு நான் செத்த நாள்தான். ‘அப்பா செத்ததுக்கு முந்தின வாரம் வாங்கின மிக்ஸி’ என்கிறாள் பூங்கொடி. ‘ஐயா போன அன்னிக்கு வெச்ச காபி டம்ளர் ரெண்டு இன்னும் திரும்பி வரலீங்க’ என்கிறாள் அங்கம்மா. முருகேசன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மறக்காமல் துண்டை எடுக்கிறான்.

ஆனால் இவையெல்லாம் பின்னால் வந்த சிரிப்பு. என் ஒரு வரிக் கடிதத்துக்குப் பல வாரம் பதில் இல்லை. ஒருநாள் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே அவள் கையெழுத்தில், முறைப்படி பொருள், பார்வை எல்லாம் போட்டு: ‘தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் உயிரோடு இருப்பது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஞாயிறு காலை ஒலிப்பதிவுக்கு வருகிறேன். எழுந்தவுடன் தண்ணீர் குடித்து இருமலைக் கெடுத்துவிட வேண்டாம்.’ அது வந்து சேர்ந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்; எங்கள் கணக்கில், நான் செத்த முப்பதாம் நாள்.