அட்டையில் எழுதாத வரி

“மூணு வாரம் கழிச்சு, வியாழக்கிழமை கத்தி வைக்கிறாங்க. அன்னிக்கு ஒரு நாள் என் பக்கத்துல இருப்பீங்களா?”

“நான் இல்லாம அங்க ஒரு துணி காயாது. உனக்குத் தெரியாதா?”

“லீவு கேட்டுப் பாத்தீங்களா?”

“நேரம் பாத்துக் கேக்கறேன்.”

மூன்று வாரத்துக்கு முன்னால் மனைவியோடு நடந்த பேச்சு இது. அவர் இன்னும் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் சலவைப் பிரிவு. இருபத்திரண்டு வருடமாக அங்கே எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எல்லோருக்கும் ‘பாய்லர் அண்ணன்’. வயிற்றில் கட்டியோடு மனைவி அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் சேர்ந்திருந்தாள். கீழே யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஒரு நாள் தான் இல்லாமல் வேலை ஓடிவிட்டால் மறுநாளும் ஓடிவிடும் என்பது அவர் பயம். போன வருடம் சமையற்கட்டில் இரண்டு பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர் அம்மாவுக்குப் புத்தகக் கிறுக்குப் பிடித்தது. பணியிட அறிவைப் பகிர்ந்துகொள்ளவும் கூடி வேலை செய்யவும் படிக்க வேண்டிய ஆறு புத்தகங்கள் என்று சுவரில் ஒரு பட்டியலை ஒட்டினார். பிரிவில் ஆறு பேர், ஆளுக்கு ஒன்று. அண்ணனுக்கு வந்தது தலையணைக் கனம். ‘ஒரே தலைக்குள் பூட்டிக் கிடக்கும் அறிவு நிறுவனத்துக்கு ஆபத்து’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர் தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் அட்டையில எழுதி எந்திரத்துல ஒட்டுங்க,” என்றார் மேலாளர். “புதன்கிழமை நீங்க கையைக் கட்டிட்டு நிக்கணும். இவங்க அஞ்சு பேரும் ஓட்டணும்.”

எழுதாமல் இருந்தால் திட்டு. எழுதினால் சோற்றுக்கே வேட்டு. அண்ணன் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் எழுதினார், ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரே ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டார்.

திங்கட்கிழமை இஸ்திரி போடுகிற பெண் சலவை எந்திரத்தின் முன்னால் நின்று அட்டையைப் படித்தாள்.

“அண்ணே, ‘சோப்பு கொஞ்சம்’னு போட்டிருக்கு. கொஞ்சம்னா எவ்வளவு?”

“அது கைக்குத் தெரியும்.”

“யாரு கைக்கு?”

அவர் பாய்லர் பக்கம் நகர்ந்துவிட்டார். ஐந்து பேரும் ஆளுக்கொரு ‘கொஞ்சம்’ போட்டார்கள். நுரை கதவிடுக்கு வழியாக வெளியேறி, லிஃப்ட் வரைக்கும் போய் நின்றது.

தப்பைச் சரிக்கட்ட, ‘எதையும் தொடும் முன் எல்லோரும் கலந்து பேசவும்’ என்று அண்ணன் இரண்டாவது அட்டை ஒட்டினார். அவருடைய புத்தகமும் அதைத்தான் சொன்னது. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு கூட்டம் நடந்தது. வண்டி தள்ளுகிறவருக்கு வாய்த்த புத்தகமோ, எதற்கும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்கச் சொல்லியிருந்தது.

“டிரையரை நிறுத்துங்கப்பா, சத்தம் வருது.”

“சத்தம் ஏன் வருது?”

“பெல்ட் உரசுது.”

“பெல்ட் ஏன் உரசுது?”

நான்காவது ‘ஏன்’ முடிவதற்குள் பெல்ட் அறுந்தது. இரண்டாம் டிரையர் படுத்தது. முதலாவது ஏற்கனவே பழைய இரும்பு. மிஞ்சியது மூன்றாவது ஒன்றுதான்.

புதன்கிழமை மொத்த ஈரத்துணியையும் அதில் திணித்தார்கள். அதன் பின்பக்கம் ஒரு காற்று மூடி உண்டு. பாதி திறந்து வைக்காவிட்டால் எந்திரம் மூச்சு முட்டும். அண்ணன் விழுங்கிய வரிகளில் அதுவும் ஒன்று.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அஞ்சு நிமிஷம் திணறட்டும், அப்புறம் போய்த் திறப்போம், நம்ம அருமை எல்லோருக்கும் தெரியட்டும் என்று நினைத்தார். எந்திரத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மூன்றாவது நிமிடத்தில் மோட்டார் கருகிப் புகை வந்தது.

மதியம் ஆபரேஷன் தியேட்டர் குமாஸ்தா ஒரு தாளோடு இறங்கி வந்தார்.

“நாளைக்கு விரிக்க ஒரு காஞ்ச துணி இல்ல. எட்டு ஆபரேஷனையும் தள்ளி வச்சாச்சு. அடுத்த தேதி எப்பன்னு யாருக்கும் தெரியல.”

தாளில் ஐந்தாவது பெயர் அவர் மனைவியுடையது. கீழே காய்கிற துணி எங்கே போகிறது என்று இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரியும். தெரிந்ததை இந்த மூன்று நாளில் அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லோரும் புகைக்கு நடுவே நின்றிருந்தார்கள். அண்ணன் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

“பின்னால மூடி பாதி திறந்திருக்கணும்மா. நான் வேணும்னுதான் அதை எழுதல.”

மேலாளர் எந்திரத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இன்னொண்ணு. மேல... நாலாம் மாடியில என் சம்சாரம் இருக்கா. அவளுக்கு எப்ப தேதி குடுக்கறாங்களோ, அன்னிக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேணும்மா.”

யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. இஸ்திரி போடுகிற பெண்தான் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே வாய் திறந்தாள்.

“மூணு வாரத்துக்கு முன்னாடியே அண்ணி இங்க வந்து சொல்லிட்டாங்கண்ணே. நீங்களா கேக்கற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாங்க. நாளைக்கு உங்களை அவங்க பக்கத்துல உக்கார வைக்கத்தானே நாங்க அத்தனை பேரும் கண்ணு எரிய எரிய இந்தப் புத்தகத்தையெல்லாம் படிச்சோம்.”